காந்தலும் குருந்தமும்: உயர்வெப்ப மின்கனலிகளின் பொருளும் அமைப்பும்



சொல்லாராய்ச்சியிலேயே காலங்கழித்த நாம் மின்சூளையைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சூளையினுள் கிடக்கும் ஒரு கம்பிச் சுருளின் பெயரிலிருந்து தொடங்கினால் அந்த வியப்பு நீங்கும். ஆங்கிலத்தில் அதனை 'ஹீட்டிங் எலிமெண்ட்' என்பர். நம் நாட்டுப் பட்டறைகளிலும் 'எலிமெண்ட்' என்றே வழங்குகிறது. இதைத் தமிழாக்கப் புகுந்த சிலர் 'வெப்பத் தனிமம்' என்று எழுதிவிட்டனர். வேதியியலில் தனிமம் என்பது இரும்பு, நிக்கல், கரி போன்ற அடிப்படைப் பொருள். சூளையில் உள்ள சுருளோ, பின்னர்க் காணப்போவதுபோல், ஒருபோதும் தூய தனிமமாக இருப்பதில்லை; இருந்தால் காற்றில் பிழைப்பதும் அரிது. சொல் தவறியதால் பொருளும் தலைகீழாகிவிட்டது. ஆங்கிலத்தில் 'எலிமெண்ட்' என்பதற்கு 'ஒரு கருவியின் கூறு' என்ற பொருளும் உண்டு. இங்கே பொருந்துவது அதுவே.

'வெப்பமூட்டி' என்றால் முழுக் கருவியையும் குறிக்கும். 'வெப்பக்கம்பி' என்றால் கம்பியல்லாத கோல்களையும் ஊசி வளைவுகளையும் விட்டுவிடும். ஆகவே இவ்வுரையில் 'கனலி' என்னும் சொல்லை ஆள்கிறோம். பழந்தமிழில் ஞாயிற்றுக்கும் நெருப்புக்கும் வழங்கிய சொல் இது, கனல்வது கனலி. மின்னால் கனல்வதை மின்கனலி எனலாம். இதனினும் நல்ல சொல் கிடைப்பின் ஏற்றுக்கொள்வதில் நமக்குத் தடையில்லை. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை 2003இல் நம் நாட்டுப் பள்ளிகளில் நடப்புக்கு வந்தபோதும், அதைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டபோதும், "இத்தகைய செய்திகளைத் தமிழில் சொல்ல இயலுமா?" என்ற கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. வாதத்தால் விடை சொல்வதைவிட ஒரு பொருளை எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே மேல்.

நம் ஜொகூர் மாநிலத்தில் ஆயர் ஹீத்தாம் சுற்றுவட்டாரம் மட்பாண்டத்துக்குப் பெயர்போனது. அதற்கு அருகே மாச்சாப்பில் உள்ள ஆவ் குடும்பத்தாரின் பாண்ட நிலையத்தில் சீன மரபைச் சேர்ந்த 'நாகச் சூளை' ஒன்று உண்டு. சரிவான தரையில் நீண்டு கிடக்கும் சுரங்கம் போன்ற அமைப்பு அது. கீழ்வாயில் விறகிட்டுத் தீமூட்டுவர். சூடு தானே மேல்நோக்கி ஏறும். பக்கத் துளைகள் வழியே மேலும் விறகிட்டு, சூட்டை அடுத்தடுத்த பகுதிகளுக்கு நகர்த்திச் செல்வர். கற்பாண்டம் வெந்து இறுகுவதற்கு ஏறத்தாழ 1200 முதல் 1300 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இதே வெப்பத்தை இன்று பள்ளிக் கலைக்கூடத்தின் மூலையில் நிற்கும் பெட்டியளவு மின்சூளையும் தருகிறது. (பாண்டமும் செங்கல்லும் சுடுவது சூளை, உலோகம் உருக்குவதும் பதப்படுத்துவதும் உலை. தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் இவ்விரு சொற்களையும் மொழிபெயர்ப்பாளர்கள் குழப்பாதிருப்பது நலம்.)

விறகுச் சூளைக்கும் மின்சூளைக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு ஒன்றே. முன்னதில் எரிபொருள் எரிந்து தீர்வதால் சூடு பிறக்கிறது. பின்னதில் சூடு தரும் பொருள் எரியவே கூடாது. செங்கனலாய் ஒளிரும் நிலையில், சுற்றிலும் காற்று நிறைந்திருக்க, ஆண்டுக்கணக்கில் எரியாமல் இருக்க வேண்டும். மின்கனலியின் பொருளியல் முழுவதும் இந்த ஒரு முரணைத் தீர்க்கும் முயற்சியே.

மாணவர்கள் பொதுவாக, "உருகுநிலை உயர்ந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?" என்று கேட்பர். டங்ஸ்டன் 3400 பாகைக்கு மேல்தான் உருகும். மாலிப்டினம் 2600 பாகையைத் தாண்டி உருகும். ஆனால் இவ்விரண்டையும் காற்றில் சூடேற்றினால் சில நூறு பாகையிலேயே உயிர்வளியுடன் கூடிச் சிதையத் தொடங்கும். மின்விளக்கின் டங்ஸ்டன் இழை பிழைத்திருப்பது கண்ணாடிக் குமிழுள் உயிர்வளி இல்லாததால்தான். குமிழ் உடைந்தால் இழை நொடியில் புகைந்து தீர்வதைக் கண்டிருப்பீர்கள். இரும்போ செஞ்சூட்டில் செதில் செதிலாகத் துருவேறி உதிரும். செம்பில் வேறொரு குறை உண்டு: அதன் மின்தடை மிகக் குறைவு, மின்னோட்டம் தடையின்றி ஓடிவிடுவதால் சூடு பிறப்பதற்கு மைல் கணக்கில் கம்பி வேண்டியிருக்கும். பிளாட்டினம் தாக்குப்பிடிக்கும், தொடக்கக் காலத்து ஆய்வக உலைகளில் அதைத்தான் சுற்றினார்கள். விலை காரணமாக அது தொழிற்சாலைக்கு வரவில்லை.

1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலப்புலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்தில் நான்கு பங்கு நிக்கல், ஒரு பங்கு குரோமியம் என்பது அதன் வழக்கமான அளவு. பெயரும் உறுப்புப் பொருள்களிலிருந்தே அமைந்தது: நைக்ரோம். இக்கம்பி சூடேறும்போது அதன் மேற்பரப்பில் உள்ள குரோமியம் உயிர்வளியுடன் கூடி மெல்லிய ஆக்சைடுத் தோலாக மாறுகிறது. அத்தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, மேலும் உயிர்வளி உட்புகாதவாறு காக்கிறது. அதாவது கம்பி தன் மேனியைச் சிறிதளவு எரியவிட்டு, எரிந்த பகுதியையே கவசமாக்கிக்கொள்கிறது. வீட்டு ரொட்டி வாட்டியும் முடியுலர்த்தியும் இக்கம்பியின் வழித்தோன்றல்களே. எனினும் 1200 பாகைக்கு மேல் இக்கவசம் நிலைப்பதில்லை. சூடு ஏறி இறங்கும்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து பாண்டத்தின் மெருகில் கறையாக விழவும் கூடும். கற்பாண்டச் சூளைக்கு இது போதாது.

1920களில் சுவீடன் நாட்டின் ஹால்ஸ்டாஹம்மார் என்னும் சிற்றூரில் ஹான்ஸ் வான் கான்ட்ஸோ என்ற பொறியாளர் நிக்கலை முற்றாக விலக்கிவிட்டு, இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து ஒரு கம்பி கண்டார். குரோமியம் ஏறத்தாழ 22 விழுக்காடு, அலுமினியம் 5 முதல் 6 விழுக்காடு, எஞ்சியது இரும்பு. நைக்ரோமின் பெரும்பகுதி விலைமிக்க நிக்கல். இதன் பெரும்பகுதியோ மலிவான இரும்பு. ஆயினும் இதன் உயர்ந்த வகைகள் 1400 பாகை வரை தாங்கும். 1931இல் தோன்றிய நிறுவனத்துக்கும் கம்பிக்கும் வைத்த பெயர் 'காந்தல்'. இன்று தமிழகத்து ஓசூரிலும் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது.

இப்பெயரைக் கேட்டதும் தமிழ் நெஞ்சம் துள்ளுவது இயல்பே. காந்து என்பது வினை. வெப்பத்தால் எரிதல், கருகுதல் என்று பொருள். காந்தல் அதன் தொழிற்பெயர். அடிப்பிடித்துக் கருகிய சோற்றைக் காந்தல் என்று சொல்வோர் இன்றும் உளர். கனலும் கம்பிக்குக் காந்தல் என்ற பெயர்! இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கான்ட்ஸோ என்னும் பெயரின் முற்பகுதியையும் ஹால்ஸ்டாஹம்மார் என்னும் ஊர்ப்பெயரின் முதலசையையும் ஒட்டவைத்து உண்டாக்கப்பட்ட வணிகப் பெயர் அது. தமிழோடு அதற்கு எவ்வுறவும் இல்லை. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருந்தும் உறவு இல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது. ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகமொழிகளில் எல்லாம் தமிழ் வேர் தேடுவோர் இக்கம்பியை மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது. சொல்லுக்கு வேர் காண்பதற்கு அதன் வரலாறு வேண்டும்: யார், எப்போது, எதிலிருந்து ஆக்கினர் என்ற தடம் வேண்டும்.

அந்தத் தடம் உள்ள தமிழ்ச்சொல் ஒன்று இதே கம்பியில் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. காந்தல் கம்பியைச் சூடேற்றும்போது முந்திக்கொண்டு உயிர்வளியோடு சேர்வது அதிலுள்ள அலுமினியம். மேற்பரப்பில் உருவாகும் வெளிர்சாம்பல் நிறத் தோல் அலுமினிய ஆக்சைடு. உயர்வெப்பத்தில் அது கொள்ளும் படிக வடிவத்தைக் கனிமவியலார் 'கொரண்டம்' என்பர். ஆங்கில அகராதியாளர் இச்சொல்லின் பிறப்பைத் தமிழ்க் 'குருந்தம்' என்பதற்கே கொண்டுசெல்கின்றனர். சாணை பிடிக்கவும் மணிகளைத் தீட்டவும் பயன்பட்ட குருந்தக்கல்தான் அது. வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இக்கல் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. இந்தியாவிலிருந்து கல்லும் பெயரும் சேர்ந்தே ஐரோப்பா சென்றன. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பார் இலண்டன் அரச கழகத்தின் இதழில் இக்கல்லைப் பற்றி எழுதிய கட்டுரை அப்பயணத்தின் ஒரு பதிவு. ஆக, கம்பியின் பெயர் தமிழ்போல் தோன்றித் தமிழாகாதது. கம்பியைக் காக்கும் தோலின் பெயரோ பிறமொழிபோல் தோன்றித் தமிழானது.

குருந்தத் தோலின் சிறப்பு, அதனூடே உயிர்வளி மிக மிக மெதுவாகவே ஊடுருவும் என்பது. விரிசல் கண்டாலும் கம்பியில் எஞ்சியுள்ள அலுமினியம் மேலெழுந்து புதுத்தோல் போர்த்தும். ஒவ்வொரு சூடேற்றலிலும் அச்சேமிப்பு சிறிது குறைகிறது. அது தீர்ந்ததும் இரும்பு வெளிப்படும். பிறகு கம்பியின் ஆயுள் மணிக்கணக்கில்தான். உருகுநிலை 1500 பாகை என்பது எட்டாத மேல்வரம்பு மட்டுமே. கம்பியின் வாழ்நாளை வரையறுப்பது அலுமினியச் சேமிப்பு.

இதை அறிந்தால் சூளைக்காரர்களின் பல விதிகள் தாமே விளங்கும். புதுக்கனலி பொருத்தியதும் பாண்டம் வையாமல், காற்று நன்கு புகும்படி விட்டு, ஏறத்தாழ 1050 பாகையில் சில மணிநேரம் வெறுஞ்சூளையைச் சுடுவர். முதல் தோலை ஒழுங்காக வளரவிடுவதற்காக. மின்சூளையில் உப்பு மெருகு செய்யலாகாது. உப்பிலிருந்து எழும் குளோரின் ஆவி தோலைத் தின்றுவிடும். செங்கல் பள்ளத்தில் சிந்திய மெருகுத் துளியை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். அது உருகிக் கம்பியைத் தொட்ட இடத்தில் தோல் கரையும். விறகுச் சூளைக்காரர் புகைசூழவிட்டு உயிர்வளியைக் குறைத்துப் பெறும் செம்பின் செந்நிற மெருகும் செலடான் பச்சையும் மின்சூளைக்கு எளிதில் வாய்க்காததும் இதனால்தான். உயிர்வளி குறைந்த சூழலில் தோல் புதுப்பிக்கப்படுவதில்லை. பாண்டக் கலைஞர் விரும்பும் சூழலும் கனலி விரும்பும் சூழலும் வேறு வேறு.

பட்டறையில் கிடக்கும் பழங்கம்பி நைக்ரோமா காந்தலா என்று அறிய ஒரு காந்தத்துண்டு போதும். குளிர்ந்த நிலையில் இரும்பு மிகுந்த காந்தல் காந்தத்தில் ஒட்டும், நைக்ரோம் ஒட்டாது. காந்தம் என்னும் சொல் வடமொழி வழி வந்தது. காந்து என்னும் தமிழ் வினைக்கு உறவன்று. மாணவர்கள் இதையும் குறித்துக்கொள்க.

இனி அமைப்புக்கு வருவோம். கணக்கொன்று போட்டுப் பார்ப்பதே நல்ல வழி. படிவம் ஐந்து மாணவருக்கு ஓமின் விதியும் வட்டத்தின் பரப்பும் தெரிந்தால் போதும். 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 2000 வாட் தரும் கனலி ஒன்று வேண்டும் என்று கொள்வோம். மின்னழுத்தத்தின் இருபடியைத் திறனால் வகுத்தால் மின்தடை 26.45 ஓம். ('மின்தடை' என்றால் மக்கள் வழக்கில் மின்வெட்டு என்றும் பொருளாகிவிட்டது, இங்கே இயற்பியல் பொருளையே கொள்க.) காந்தல் கம்பியின் மின்தடை செஞ்சூட்டில் 4 விழுக்காடு மட்டுமே கூடும். எனவே குளிர்நிலையில் ஏறத்தாழ 25.4 ஓம் இருக்க வேண்டும்.

1 மி.மீ. விட்டமுள்ள கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.85 ஓம் தடை தரும். ஆகவே 13.75 மீட்டர் போதும். மலிவாக முடிந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். அக்கம்பியின் மேற்பரப்பு ஏறத்தாழ 430 ச.செ.மீ. அந்த 2000 வாட்டும் இப்பரப்பின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 4.6 வாட். இதனை மேற்பரப்புச் சுமை என்போம். சுமை மிகுந்தால் சூட்டை வெளியேற்றுவதற்குக் கம்பி சூளையைவிட மிகுதியாகச் சூடேறியாக வேண்டும். சூளை 1250 பாகையில் இருக்கும்போது பள்ளத்துள் சுருண்டு கிடக்கும் கம்பி தன் எல்லையைத் தொட்டுவிடும். தோல் விரைவில் தீரும்.

இப்போது 1.6 மி.மீ. கம்பியை எடுப்போம். மீட்டருக்கு 0.72 ஓம், தேவை 35.3 மீட்டர், மேற்பரப்பு ஏறத்தாழ 1770 ச.செ.மீ.; சுமை 1.13 வாட். விட்டம் 1.6 மடங்கு கூடியதும் சுமை நான்கில் ஒரு பங்காகிவிட்டது. காரணம் எளிது: விட்டத்தின் இருபடிக்கு ஏற்ப நீளம் கூடுகிறது, நீளத்தோடு சுற்றளவும் கூடுவதால் மேற்பரப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. தடித்த கம்பி கூடுதல் விலை. ஆனால் கூடுதல் ஆயுள். பழுதான சுருளுக்கு மாற்றாக "அதே தடை" என்று சொல்லி மெல்லிய கம்பியைப் பொருத்தினால் அளவுமானி ஏமாறும், சூளை ஏமாறாது.

அந்த 35 மீட்டரைச் சூளைக்குள் எப்படி அடக்குவது? சுருளாகச் சுற்றித்தான். சுருளின் விட்டம் கம்பி விட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்குக்கு மேற்பட்டால் சூட்டில் தளர்ந்து சரிந்துவிடும். காந்தல் செஞ்சூட்டில் வலுவற்றது. நடுவிட்டம் 9 மி.மீ. என்று வைத்தால் 1250 சுற்று வரும். நெருக்கமாகச் சுற்றிய நிலையில் அது 2 மீட்டர். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் அங்கே சூடு குவியும். ஆகவே இரண்டு மூன்று மடங்கு இழுத்து 4 முதல் 6 மீட்டராக்கிப் பள்ளங்களில் பதிப்பர். பள்ளம் வெட்டிய செங்கல்லும் அலுமினா மிகுந்ததாக, இரும்புக் கறை இல்லாததாக இருத்தல் வேண்டும். ஒருமுறை சூடேறிய காந்தல் கம்பி உள்ளே படிகம் பெருத்துக் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். குளிர்ந்த சுருளைக் கையால் வளைக்க முயல்வோர் அதை உடைத்துவிட்டு உற்பத்தியாளரைக் குறை கூறுவர். சரிந்த சுருளைச் சீராக்க வேண்டுமானால், மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்தபின், அது இன்னும் சிவந்திருக்கும்போதே செய்ய வேண்டும்.

1400 பாகைக்கு மேல் உலோகக் கம்பி உதவாது. அங்கே சிலிக்கன் கார்பைடு கோல்கள் வருகின்றன. ஏறத்தாழ 1600 பாகை வரை பணி செய்யும். 1890களில் எட்வர்டு ஆச்சிசன் என்ற அமெரிக்கர் இப்பொருளைச் செயற்கையாக ஆக்கியபோது, அது கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று கருதி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அதில் கரியும் சிலிக்கனும் மட்டுமே உண்டு. குருந்தம் துளியும் இல்லை. கருத்துப் பிழையில் பிறந்த பெயர் நிலைத்துவிட்டது. அதன் வால்பகுதியில் ஒரு தமிழ்ச்சொல்லும் உலகம் சுற்றுகிறது.

இக்கோல்களுக்கும் கவசம் உண்டு: சிலிக்கா என்னும் மணற்பொருள். ஆனால் அது துகள்களின் இடுக்குகளிலும் வளர்வதால் கோலின் மின்தடை நாளடைவில் ஏறிக்கொண்டே போகும். ஆயுள் முடிவில் இரண்டு மூன்று மடங்காவதும் உண்டு. எனவே மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும் மின்மாற்றியோடுதான் இவற்றை அமைப்பர். ஒரு கோல் முறிந்தால் அதைமட்டும் மாற்றுவது சிக்கனம்போல் தோன்றும். தொடரிணைப்பாயின் தடை மிகுந்த பழைய கோல்கள் கூடுதல் திறனை ஏற்று வேகும். பக்க இணைப்பாயின் தடை குறைந்த புதுக்கோல் வேகும். ஆகவே ஒத்த தடையுள்ளவற்றைத் தொகுதியாக மாற்றுவதே முறை. வகுப்பில் கொடுப்பதற்கு நல்ல வினா இது.

அதற்கும் மேலே, 1700 முதல் 1850 பாகை வரை, மாலிப்டினம் டைசிலிசைடு. கொண்டை ஊசிபோல் வளைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவர். கால்கள் இரண்டும் தடித்திருக்கும், சூடு வெளியே வராதிருக்க. பல்கலைக்கழகப் பொருளறிவியல் ஆய்வகங்களில் உள்ள உயர்வெப்ப உலைகளைத் திறந்தால் பெரும்பாலும் இவற்றையே காணலாம். தனித்த மாலிப்டினம் காற்றில் சிதையும் என்று முன்னர்க் கண்டோம். சிலிக்கனோடு சேர்ந்ததும் கண்ணாடிபோன்ற சிலிக்காப் படலம் போர்த்துப் பிழைக்கிறது. குளிர்நிலையில் இதன் தடை மிகக் குறைவு. சூடேறும்போது பத்து மடங்குக்கு மேல் கூடும். முழு மின்னழுத்தத்தையும் தொடக்கத்திலேயே கொடுத்தால் மின்னோட்டம் பாய்ந்து இணைப்புகளைச் சிதைத்துவிடும் என்பதால், குறைந்த மின்னழுத்தத்தில் மெல்லத் தொடங்குவர்.

விந்தை என்னவெனில், 1800 பாகையைத் தாங்கும் இப்பொருள் 500 பாகை அளவில் நோயுறும். அவ்வெப்பத்தில் கண்ணாடிப் படலம் முழுதாக மூடுவதற்குமுன் மாலிப்டினம் ஆக்சைடாகிப் பருத்து, கனலி பொடியாய் உதிரும். இதனைச் செருமானியச் சொல்லால் 'பெஸ்ட்' என்பர். கொள்ளைநோய் என்று பொருள். அந்த வெப்பத்தில் உலையை நெடுநேரம் நிறுத்தாமல் விரைந்து கடந்துவிடுவதே இதற்கு மருந்து.

வெற்றிடத்திலும் மந்த வளியிலும் இயங்கும் உலைகளில் கவசத்துக்கே வேலையில்லை. அங்கேதான் காற்றில் பயனற்றவை என்று தள்ளிவைத்த டங்ஸ்டனும் மாலிப்டினமும் கிராஃபைட்டும் கனல்கின்றன. அவற்றுள் உலோகம் இரண்டும் தூய தனிமங்கள். கிராஃபைட் கரியென்னும் தனிமத்தின் ஒரு வடிவம். 'வெப்பத் தனிமம்' என்று எழுதியவர்கள் அங்கே மட்டும் தற்செயலாகச் சரியாகிவிடுகின்றனர்.